ஒரு வாரம் என் லாச்சியில் கிடந்த படிவம்

அடுத்தவர் பிள்ளை உங்கள் பிள்ளையை முந்தும் வேளையில் உங்கள் முகத்தை எப்போதாவது கண்ணாடியில் பார்த்ததுண்டா? மாணவரைவிட முதலில் ஆசிரியரையே பரீட்சிக்கும் தொழில் நம்முடையது, சக ஆசிரியர்களே.

அறுபதுகளின் தொடக்கத்தில், கிளிநொச்சிப் பக்கத்து ஆண்கள் கல்லூரியொன்றில் நான் இரசாயனம் படிப்பித்தேன். அங்கே பல்கலைக்கழகப் புகுமுக வகுப்பில் முதன்முதலாக ஒரு பெண்பிள்ளையைச் சேர்த்தார்கள். பெயர் பூமணி, வட்டக்கச்சிக் கமக்காரர் ஒருவரின் மகள். அதே வகுப்பில் என் மகன் குகனும் இருந்தான்.

விறாந்தைப் பாடம்

பூமணி தனியே வகுப்புக்குள் நுழையக்கூடாது என்பது அதிபரின் கட்டளை. ஆசிரியர் அறை வாசலில் காத்து நின்று, ஆசிரியரின் பின்னால் வரவேண்டும். மணியடித்ததும் அவருடனேயே வெளியேறவேண்டும். பையன்களோடு கதைக்க இடம் வரக்கூடாதென்றே இந்த ஏற்பாடு.

ஆனால் ஆசிரியர் அறையிலிருந்து வகுப்புவரை எங்கள் விறாந்தை நீளம். அவளுடைய சந்தேகங்களும் நீளம். அவள் நடந்துகொண்டே கேட்பாள், நான் நடந்துகொண்டே விளக்குவேன். காவலென்று நாங்கள் வைத்தது அவளுக்கு மேலதிக வகுப்பாயிற்று. பையன்களுக்குப் பொறுக்கவில்லை. அவர்கள் சார்பில் எழுந்தவன் என் மகனேதான்.

“சேர், நாங்களும் உங்களுக்குப் பின்னாலை வந்தால் என்ன? சந்தேகம் எங்களுக்கும் இருக்குத்தானே!”

மூன்று முறை திருத்தியது

தவணைப் பரீட்சையில் பூமணி முதலிடம், குகன் இரண்டாமிடத்துக்கு இறங்கினான். அவனுடைய விடைத்தாளை ஒருமுறை பார்த்தேன். பூமணியின் தாளை மூன்று முறை பார்த்தேன். குறைக்க ஒரு புள்ளியாவது அகப்படாதா என்று தேடினேன். பக்கத்துக் கதிரையிலிருந்த பௌதிக ஆசிரியர் சின்னையா நெடுநேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“இனியும் திருத்தினால் தாள்தான் கிழியும், மாஸ்டர்.”

சைக்கிளில் வந்தவர்

பல்கலைக்கழக விண்ணப்பத்துக்கு வகுப்பாசிரியரான என் ஒப்பம் வேண்டும். குகனின் படிவம் அன்றே தபாலுக்குப் போயிற்று. பூமணியின் படிவம் என் மேசையின் இழுப்பு லாச்சிக்குள் போயிற்று. “வேலை கூடிப்போச்சு, நாளைக்குப் பார்ப்பம்” என்று ஒரு வாரம் சொன்னேன். பக்கத்து வயலின் மடையை அடைத்தவன், தேங்கிய நீர் தன் வரம்பையே உடைப்பதை ஒருநாள் காண்பான். எனக்கு அந்த நாள், விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முதல்நாளாக வந்தது.

பூமணியின் தகப்பன் வயற்சேறு காயாத காலுடன் சைக்கிளில் வந்து இறங்கினார். குற்றஞ்சாட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவர் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு சொன்னார்:

“வாத்தியார் ஐயா, உங்கடை மகன் யூனிவசிற்றிக்குப் போனால் என்ரை பிள்ளையையும் ஒரு கண் பாத்துக்கொள்ளச் சொல்லுங்கோ, அங்கை எங்களுக்கு வேறை ஆர் இருக்கினம்?”

அவர் முன்னாலேயே ஒப்பமிட்டு, அவருடைய சைக்கிளையே வாங்கிக்கொண்டு தபாற்கந்தோருக்கு ஓடினேன். பூமணிக்கு அவ்வருடமே இடம் கிடைத்தது, குகனுக்கு மறுவருடம். அவனைப் பார்த்துக்கொண்டவள் அவள்தான்.

ஆகவே, ஒழுக்கம் போதிக்கும் என் இனத்தவரே, உங்கள் லாச்சியிலும் அப்படியொரு படிவம் கிடந்தால், இன்றைய தபாற்பை கட்டப்படுமுன் ஒப்பமிட்டு அனுப்பிவிடுங்கள்; பொறாமை கேட்பதெல்லாம் “நாளைக்கு” என்ற ஒரேயொரு தவணைதான்.