கலிக்கு ஒரு முழம்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். ஆனாலும் பெரிய காஞ்சிபுரத்தில் சொந்தமாக ஆறு தறி போட்டவன். என் கரையில் ஓர் இழை தப்பென்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

போன வருஷம் கண் ஆபரேஷன். பார்வை திரும்பினால் சின்ன காஞ்சிபுரத்துப் பெருமாள் கோயில் தாயாருக்கு என் கையாலேயே புடவை நெய்து சாத்துகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். திரும்பியது. சும்மா ஒரு புடவையா நெய்வேன்? அந்தக் கோயில் பெருமாளைக் கிருத யுகத்தில் பிரம்மாவும், திரேதா யுகத்தில் யானையும், துவாபரத்தில் தேவகுருவும், கலியில் ஆதிசேஷப் பாம்பும் பூஜித்ததாகச் சொல்வார்கள். யுகங்கள் நீளத்தில் நாலு பங்கு, மூன்று, இரண்டு, ஒன்று. அதே கணக்கில் கரையில் பிரம்மாவுக்கு நாலு முழம், யானைக்கு மூன்று, குருவுக்கு இரண்டு, பாம்புக்கு ஒரே முழம். வேறு யாருக்கு வரும் இந்த யோசனை?

நெய்ய நெய்ய எனக்கே புல்லரித்தது. பிரம்மாவின் கிரீடத்தில் மின்னிய அதே ஜரிகை இழை அறுபடாமல் ஓடி யானையின் தும்பிக்கை ஆகிறது, குருவின் தாடி ஆகிறது, பாம்பின் கண்ணாகி என்னையே பார்க்கிறது. எத்தனை லட்சம் வருஷம், எத்தனை உடம்பு! இழை ஒன்றேதான். தறியைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

வியாழக்கிழமை புடவையைத் தறியிலிருந்து அறுத்து எடுத்தோம். மறுநாள் சாத்த வேண்டும். விரித்துப் பார்த்த என் வீட்டுக்காரி சிரித்தாள்.

"ஏன்யா, பிரம்மாவை முந்தானைப் பக்கம் போட்டுக்கினு இருக்கிறியே! கட்டும்போது முந்தானை கடைசியிலதானே வரும்? உன் யுகமெல்லாம் தலைகீழா ஓடுது."

எனக்கு வேர்த்துவிட்டது. முந்தானையை முதலில் நெய்தவன், முதல் யுகத்தையும் அங்கேயே ஆரம்பித்திருக்கிறேன். "போச்சுடி, வேண்டுதலே போச்சு."

"இத்தினி வருஷமா நெய்யற, ஒரு நாளாவது கட்டிப் பார்த்தியா?" தன் இடுப்புச் செருகலைத் தொட்டுக் காட்டினாள். "இதான் முதல் முழம், உன் பாம்பு வர்ற இடம். வெளிய தெரியாது. ஆனா உடம்போட ஒட்டிக்கினு இருக்குது பாரு. இது நழுவினா மொத்தப் புடவையும் போச்சு. கலின்னா நாமதானே? தாயார் நம்மள இடுப்புல செருகிக்கட்டுமே. போய்க் குடுத்துட்டு வாய்யா."

வெள்ளிக்கிழமை திரை விலகியது. தீப வெளிச்சத்தில் தோளருகே பிரம்மா ஜொலித்தார். கொசுவத்தில் யானைகள் நடந்தன. பாம்பு மட்டும் கண்ணுக்குப் படவேயில்லை.

அத்தனை கூட்டத்தில், நாமெல்லாம் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். சரி, என் வீட்டுக்காரியும்.