முழு நாற்காலிக்காரர்

"ஒரே நேரத்தில் பல பணிகளை அநாயாசமாகக் கையாளும் அபூர்வத் திறமைசாலி." அவர் எழுதிய கணினி விளையாட்டுகளின் அட்டைப்பெட்டியில், பின்பக்கம், அவருடைய படத்துக்குக் கீழே நிறுவனம் இப்படித்தான் அச்சிட்டிருக்கிறது. அந்தத் திறமைசாலி இப்போது அலுவலகப் படிக்கட்டின் நடுவில் நின்றுகொண்டிருக்கிறார். மேலிருந்து யாரோ "சாப்டாச்சா சார்?" என்று கேட்டுவிட்டார்கள். பதில் சொல்லி முடிக்கும்வரை கால் அடுத்த படிக்குப் போகாது. சொல்லி முடித்தபின், ஏறிக்கொண்டிருந்தோமா இறங்கிக்கொண்டிருந்தோமா என்று சற்று யோசிக்க வேண்டியிருக்கும்.

சட்டைக்குப் பொத்தான் போடும்போது ரேடியோவை அணைத்துவிடுவார். டெலிபோனில் பேசும்போது கண்களை மூடிக்கொள்வார். நடந்துகொண்டே ஒரு முடிவுக்கு வந்ததாக அவரைப் பற்றித் தகவல் இல்லை.

அவர் எழுதும் விளையாட்டுகளும் அப்படியே. மூன்று ஃபிளாப்பிகளில் முதலாவதைச் செருகி, கணினியை அணைத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகு இயந்திரம் முழுக்க விளையாட்டின் ஆட்சி. அதுவரை அதில் கடிதம் எழுதிக்கொண்டிருந்தீர்களா, படம் வரைந்துகொண்டிருந்தீர்களா என்பதைப் பற்றி அதற்கு அக்கறை கிடையாது. ஆசை ஆசையாக வாங்கிப் பக்கத்தில் மாட்டிய ஹார்ட் டிஸ்க்கை ஏறிட்டும் பார்க்காது. வெளியே வர ஒரே வழி, மறுபடி அணைப்பதுதான்.

நிறுவனத்தை நடத்தும் அம்மாள் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டார். "மத்தவங்க விளையாட்டெல்லாம் ஹார்ட் டிஸ்க்ல போய் ஜம்முனு உக்காந்துக்குது சார். நம்மளது மட்டும் மூணு பையைத் தூக்கிக்கிட்டு வாசல்ல நின்னு பெல் அடிக்குது."

"ஒரு நாற்காலியில ரெண்டு பேர் உக்காந்தா யாருக்கு மேடம் சௌகரியம்? எனக்கு முழு நாற்காலி வேணும்."

அலுவலகத்தில் அவர் பெயரே அதுவாகிவிட்டது.

வாடிக்கையாளர்கள் கடிதம் எழுதுவார்கள். நோயாளிக்கும் நோயாளிக்கும் நடுவில் விளையாடுகிற பல் மருத்துவர் ஒருவர் எழுதினார்: "நான் பல் பிடுங்க எடுத்துக்கொள்ளும் நேரத்தைவிட, உங்கள் மூன்றாவது ஃபிளாப்பியைத் தேடும் நேரம் அதிகம்." இவர் தம் கைப்படவே பதில் எழுதினார்: "விளையாட்டு, முழு மனத்தோடு செய்ய வேண்டிய காரியம். பல்லையும் அவ்வாறே பிடுங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

இந்தப் பிடிவாதத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை. புது விளையாட்டில் ஒரு தபால்காரன் கூரை கூரையாகத் தாவிக் கடிதம் கொடுக்கிறான். விடாமல் மழை பெய்கிறது. நானூறு துளிகள். ஒவ்வொன்றுக்கும் தனிப் பாதை, தனி வேகம். ஓட்டில் விழுவது ஒரு மாதிரி தெறிக்கும், தகரத்தில் விழுவது வேறு மாதிரி. அத்தனை பாதைகளையும் நினைவகத்தில் அடைத்துவைத்தால் வேறு எதற்கும் இடம் மிஞ்சாது. இரண்டு வருட உழைப்பு. அந்தத் திரையைப் பார்த்துவிட்டு அலுவலக ஜன்னலைச் சாத்தப் போனவர்கள் உண்டு.

வீட்டில் இருப்பதும் ஒரே கணினிதான். அது அவர் மனைவியின் பிழைப்பு. அந்த அம்மாள் மொழிபெயர்ப்பாளர்: தோளில் டெலிபோன், மடியில் அகராதி, அடுப்பில் பால், திரையில் நான்கு கட்டங்கள் திறந்திருக்க, நான்கிலும் வேலை நடக்கும். பாலும் பொங்காது. கணவரின் விளையாட்டுகளுக்குக் கையேடு எழுதித் தருவதும் அவர்தான். எல்லாக் கையேட்டிலும் முதல் வரி ஒன்றே: "தொடங்கும் முன், செய்துகொண்டிருக்கும் வேலையைச் சேமித்துக்கொள்ளவும்."

போன மாதம் ஒரு சனிக்கிழமை முற்பகல். மருத்துவக் கருவி நிறுவனம் ஒன்று முதல்முறையாக அந்த அம்மாளை நம்பி வேலை கொடுத்திருந்தது. மருந்து ஏற்றும் பம்ப் ஒன்றின் விளக்கக் குறிப்பு, மாலை நான்கு மணிக்குள் அச்சுக்குப் போக வேண்டும். ஆறாவது பக்கத்தில் ஒரு சொல்லில் சந்தேகம். போன் வந்தது, பாதிச் சொல்லில் விட்டுவிட்டு அடுத்த அறைக்கு ஓடினார்.

அந்நேரம் பார்த்து இவருக்குக் கூரையோரத் துளி ஒன்றின்மேல் சந்தேகம் வந்தது. மண்டைக்குள் ஒரு நேரத்தில் ஒன்றுதானே இருக்கும்! ஃபிளாப்பியைச் செருகினார், அணைத்துப் போட்டார்.

மனைவி திரும்பி வந்தபோது திரையில் கொட்டோ கொட்டென்று மழை.

"என் பம்ப் எங்கே?"

"எந்தப் பம்ப்?"

"ஆறு பக்கம் பம்ப்."

"இங்க பாரேன், அந்த ஓரத்துத் துளி எவ்வளவு அழகா..." என்று தொடங்கியவர் அத்தோடு நிறுத்திக்கொண்டார்.

அந்த அம்மாள் சத்தம் போடவில்லை. கையேட்டை எடுத்து முதல் வரியை நிதானமாகப் படித்துக் காட்டினார். "நல்லாத்தான் எழுதியிருக்காங்க. யாரும் படிக்கிறதில்லை போல." பிறகு உட்கார்ந்து ஆறு பக்கத்தையும் முதலிலிருந்து அடித்தார். முடியும்போது மணி ஐந்தரை. இனிமேல் வேலை இருந்தால் தாங்களே கூப்பிடுவதாகக் கருவி நிறுவனம் சொல்லிவிட்டது.

மறுநாள் காலை இவர் டீ கேட்டார்.

"இப்ப உங்ககிட்ட பேசிக்கிட்டு இருக்கேன். டீ போடணும்னா பேச்சை அணைச்சுட்டு, நீங்க வாசலுக்குப் போய் மறுபடி முதல்லேருந்து உள்ள வரணும். சம்மதமா?"

வண்டிச் சாவி எங்கே என்றார்.

"ரெண்டாவது ஃபிளாப்பியைப் போடுங்க."

"என்னம்மா நீ..."

"முதல் ஃபிளாப்பியைப் போடுங்க."

மூன்று நாள் இப்படியே ஓடியது. மூன்று நாளும் கருவி நிறுவனம் கூப்பிடவில்லை. டெலிபோன் மணி அடிக்கும்போதெல்லாம் அந்த அம்மாள் ஒரே தாவலில் எழுந்து போவதையும், திரும்பி மெதுவாக வருவதையும் இவர் பார்த்துக்கொண்டிருந்தார். வேறெதுவும் செய்யாமல் பார்த்துக்கொண்டிருந்ததால், நன்றாகவே பார்த்தார்.

நான்காம் நாள் அலுவலகத்தில் அந்த அறிவிப்பு வந்தது. "மேடம், பாதி நாற்காலி போதும். ஆனா மழை குறையும்."

"துளியை எல்லாம் எவன் சார் எண்ணப் போறான்?"

"நான் எண்ணுவேன்."

விளையாட்டைப் படியெடுக்க அனுப்பும் நாள் ஒரு வாரம் தள்ளிப்போனது. அந்த வாரம் முழுக்க அவர் யாருக்கும் பதில் சொல்லவில்லை. ஆகவே படிக்கட்டில் நிற்கவும் இல்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை வீட்டுக் கணினியில் சோதனை. மூன்று ஃபிளாப்பியும் ஹார்ட் டிஸ்க்குக்குள் போய்விட்டன. "உன் பக்கத்தை மூடாதே, அப்படியே இருக்கட்டும்" என்றார். மனைவி தலையாட்டிவிட்டு, ஒன்றுக்கு இரண்டு முறை சேமித்துக்கொண்டு நாற்காலியை விட்டு எழுந்தார். தபால்காரன் தாவினான். மழை பெய்தது. இவர் இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினார். மழை ஒதுங்க, பாதியில் நின்ற சொல்லோடு அந்த அம்மாளின் பக்கம் வந்து நின்றது. மறுபடி அழுத்தினார், தபால்காரன் விட்ட கூரையிலேயே காத்திருந்தான்.

மனைவி உட்கார்ந்து அந்தப் பாதிச் சொல்லை முடித்தார். டீ வந்தது, கேட்காமலே. பிறகு தாமே மழையைக் கூப்பிட்டு, கன்னத்தில் கைவைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என்னங்க, மழை குறைஞ்சிருக்கே?"

அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"ஆமா."

நானூறு துளிகளில் இருநூற்று அறுபதை எடுத்திருந்தார், ஒவ்வொன்றாக, தம் கையால்.