முதல் சொட்டு

கரண்டியைச் சாய்த்து, ஆட்டோக்காரரின் உள்ளங்கையில் ஒரே ஒரு சொட்டுக் குழம்பை விட்டுவிட்டு, செல்லத்தாய் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். ஆட்டோக்காரர் நக்கிப் பார்க்கிறார், புருவம் ஏறுகிறது. கறிக்குழம்புதானே என்று கேட்கிறார். பலாக்காய் என்கிறார் செல்லத்தாய். ஆட்டோக்காரர் நம்புவதாக இல்லை. பக்கத்துக் கடையில் தொடைக்கறி வெட்டிக்கொண்டிருக்கும் காளை, கத்தியை நிறுத்தாமலே சாட்சி சொல்கிறார்: "காய்தான்யா. என் பொழப்பக் கெடுக்க நானே ஸ்டூலும் குடுத்து வச்சிருக்கேன்ல."

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு என்றால் காளவாசலில், காளையின் கறிக்கடை வரிசையை ஒட்டி மதுரைத் தாவர உணவு நண்பர்கள் குழுவின் மேசை கிடக்கும். முதலில் அதைப் பூங்கா வாசலில் போடலாம் என்றுதான் குழுவில் முடிவானது. செல்லத்தாய்தான் மறுத்தார். பூங்காவில் நடக்கிறவன் ஏற்கெனவே ஓட்ஸ் கஞ்சி குடிக்கிறவன், அவனிடம் பேசி என்ன ஆகப்போகிறது, கறிக்கு நிற்கிறவனிடமல்லவா போக வேண்டும் என்றார். காளையின் ஆடுகள் வயிறு உப்பிச் சாகக் கிடந்தபோது இரண்டு முறை அவர் பிழைக்க வைத்திருந்ததால், அங்கே மேசை போட இடம் கிடைத்தது.

மேசைக்கு அவர் வைத்திருக்கும் சட்டங்கள் இரண்டு. யாரிடமும் பாவம் என்ற சொல்லைச் சொல்லக் கூடாது. இன்னொன்று, முதல் சொட்டு யாருக்கு என்பது: "மூஞ்சியச் சுழிக்கிறவனுக்குத்தான் மொதச் சொட்டு. சிரிச்சுக்கிட்டு வாரவன் எப்படியும் திம்பான்." அதனால் ஒவ்வொரு ஞாயிறும் கரண்டியைக் கையில் எடுத்ததும், வரிசையில் இருப்பதிலேயே கடுத்த முகத்தைத் தேடிப்பிடித்து நேரே அதனிடம் போவார்.

வயது நாற்பத்தொன்பது. ஊருக்கு மேற்கே ஒரு கால்நடை மருந்தகத்தில் உதவியாளர் வேலை. சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்து வலது கை முழங்கை வரைக்கும் வெளுத்திருக்கும். வளையல் கிடையாது; மாட்டு வயிற்றுக்குள் கையை விடுகிறவளுக்கு வளையல் எதற்கு என்பார். யாரோடு பேசினாலும் அவர்களுடைய கீழிமையைப் பார்ப்பார். ஆட்டுக்கு ரத்தம் இருக்கிறதா என்று இமையை விலக்கிப் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம். குழுவுக்குப் புதிதாக வந்த கல்லூரி ஆசிரியை வர்ஷினியிடம் அவர் பேசிய முதல் வாக்கியமே "வெளுத்துப் போயி இருக்க, முருங்கக்கீரை தின்னு" என்பதுதான்.

கறியை விட்டதற்கு அவரிடம் பெரிய கதை எதுவும் இல்லை. பல வருடங்களுக்கு முன்னால் ஒரு காலையில், ஈன முடியாமல் தவித்த ஆட்டிடமிருந்து இரண்டு குட்டிகளை இழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். மத்தியானம் கறிக்குழம்பு. சோற்றைப் பிசைந்த கை வாய்க்கு ஏறவில்லை. "கை கேக்கல. அம்புட்டுத்தான்." சாமிக்கு நேர்ந்துகொண்டாயா என்று சொந்தக்காரர்கள் விடாமல் கேட்டபோது, சாமிக்குத்தானே கிடாவே வெட்டுகிறீர்கள், அவரிடமே போய் எதற்கு நேர்ந்துகொள்வது என்று திருப்பிக் கேட்டார். அதன் பிறகு யாரும் கேட்கவில்லை.

கணவர் மொக்கையன் ஞாயிறு தவறாமல் கறி தின்கிறவர். காளையிடமே வாங்கி, தானே ஆக்கித் தின்பார். வீட்டில் அடுப்பு ஒன்று, குழம்புச் சட்டியும் ஒன்று. அவர் கழுவிக் கவிழ்த்த சட்டியில் இவர் கத்தரிக்காய் வதக்குவார். "சட்டிக்கு என்ன தெரியும்" என்பது இருபது வருடமாக அந்த வீட்டில் புழங்கும் வாக்கியம். குழுவின் முதல் பேனரில் 'சுத்த சைவம்' என்று அச்சாகி வந்தபோது, மருந்தகத்தில் காயத்துக்கு ஒட்டும் வெள்ளை பிளாஸ்திரியைக் கொண்டுவந்து 'சுத்த'வின் மேல் ஒட்டியவர் செல்லத்தாய். அப்படியானால் மற்றவன் தின்பது அசுத்தமா என்று குழுவில் கேட்டுக்கொண்டேதான் ஒட்டினார். பிளாஸ்திரி இன்னும் அப்படியே இருக்கிறது.

பேனரை அச்சடித்தவர் சிவசங்கரன். வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், குழுவின் தலைவர். நல்ல மனிதர் என்று நாலு பேர் சொல்லும் எல்லாம் அவரிடம் உண்டு. தெருநாய்களுக்கு ஊசி போட ஆள் பிடித்து வருவார். ஆடு ஏற்றிய வண்டியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொள்வார். எந்த வீட்டுக்குப் போனாலும் மஞ்சள் பையில் சொந்த டம்ளரோடு போவார். அந்த டம்ளரைப் பற்றிக் குழுவில் யாரும் கேட்டதில்லை. செல்லத்தாயும் கேட்டதில்லை. கேட்காமல் விட்டது தன் தப்பு என்று இப்போது சொல்கிறார்.

ஆண்டுக்கு ஒருமுறை, பங்குனியில், மேற்கத்திக் கோயில்களில் கிடா வெட்டு நடக்கும் நாட்களில் குழு ஒரு விருந்து வைக்கும். மூன்று ஆண்டுகளாக ஒரு சின்ன மண்டபத்தில் நடந்தது. சாம்பார், கூட்டு, பாயசம். வந்தவர்கள் எல்லோரும் ஏற்கெனவே சைவம். தாங்களே சாப்பிட்டு, தங்களையே பாராட்டிக்கொண்டு கலைந்து போனார்கள். "மொட்டத் தலைக்கே மொட்ட போட்டுக்கிட்டிருக்கோம்" என்றார் செல்லத்தாய்.

இந்த ஆண்டு அவர் பேச்சிமுத்துவைப் பிடித்தார். மேற்கே எந்தக் கோயிலில் கிடா விழுந்தாலும் அடுப்பு பேச்சிமுத்துவினுடையது. அவர் சுக்காவின் வாசனைக்கே பந்தி நிரம்பும் என்பார்கள். கறியே இல்லாமல் கறி விருந்தா என்று முதலில் சிரித்தார். பிறகு அவருக்கே வீம்பு ஏறிவிட்டது. அச்சம்பத்தில் வீட்டை ஒட்டியிருக்கும் தன் சமையல் கொட்டகையில் மூன்று வாரம் ஆக்கி ஆக்கிக் கொட்டினார். பலாக்காயில் சுக்கா, வாழைப்பூவில் கோலா உருண்டை, சேனையில் வறுவல். பதினேழாவது தடவைதான் செல்லத்தாயின் உள்ளங்கை ஒத்துக்கொண்டது. 'பேச்சிமுத்து சமையல்' என்று நோட்டீஸ் போனதும் இருநூற்று அறுபது பேர் பெயர் கொடுத்தார்கள். அத்தனை பேரும் கறி தின்கிறவர்கள். மேசை போட ஆரம்பித்த நாளிலிருந்து ஆறு வருடமாக அவர் காத்திருந்த பந்தி அது.

விருந்துக்கு நாலு நாள் இருக்கும்போது சிவசங்கரன் மருந்தகத்துக்கே வந்தார். பேச்சிமுத்து சமைப்பதில் தனக்கு ஆட்சேபணை இல்லை என்றுதான் ஆரம்பித்தார். "பாத்திரம்தான்ம்மா. கறி வெந்த பாத்திரம். மண்டபத்துக்காரங்க சம்மதிக்கணும் பாருங்க. மஞ்சத் தண்ணி விட்டுக் கழுவிட்டா முடிஞ்சது." போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். சமையல் பின்கட்டோடு இருக்கட்டும், பரிமாற நம் ஆட்கள் போதும்.

ஆட்டின் வலிக்குக் கண் கலங்குகிறவர், சக மனிதனைப் பின்கட்டில் நிறுத்தும்போது குரல்கூட மாறாமல் பேசுகிறார். இதற்கு இந்த ஊரில் ஆசாரம் என்று பெயர். செல்லத்தாய்க்கு அது அப்போதே உறைத்தது. ஆனால் இருநூற்று அறுபது பேர் கண் முன்னால் நின்றார்கள். கொஞ்சம் மஞ்சள்தானே என்று சரி சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம் அச்சம்பத்துக் கொட்டகையில் அவரே சேலையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்து புளி போட்டுத் தேய்த்தார். இரண்டு அண்டா, ஒரு தேக்சா. வர்ஷினி வாளியில் மஞ்சள் கரைத்தாள். பேச்சிமுத்துவின் மனைவி நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முகம் பார்க்கலாம் என்கிற அளவுக்குத் தினமும் அவர் கையால் துலக்கி வைக்கிற பாத்திரங்கள் அவை. பேச்சிமுத்து கவிழ்த்த கூடைமேல் உட்கார்ந்து, கடைசிப் பாத்திரம் வரைக்கும் பார்த்தார். பிறகு சிரித்த முகமாகவே கேட்டார்: "பாத்திரத்தக் கழுவியாச்சு. என்னைய எப்பக்கா கழுவப் போறீக?"

செல்லத்தாய் எழுந்தார். மஞ்சள் வாளியைத் தூக்கிச் சாக்கடையில் கவிழ்த்தார். ஈரக் கையோடு அங்கேயே நின்று சிவசங்கரனுக்குப் போன் போட்டு, மண்டபம் வேண்டாம் என்றார். அவர் பதறிப்போய், சுத்தம் பண்ணுவதில் என்ன தப்பு என்று கேட்டிருக்கிறார்.

"சுத்தத்துக்குச் சோப்பு போதும் சார். மஞ்சத் தண்ணி எதுக்குன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரியாத மாதிரி உக்காந்து தேச்சேன் பாருங்க, அது என் தப்பு."

போனை வைத்துவிட்டுப் பேச்சிமுத்துவிடம் மன்னிப்புக் கேட்டார். அதை விடுங்கள், விருந்தை எங்கே வைப்பது என்றார் பேச்சிமுத்து. "இங்கதான். ஒன் வாசல்லதான்" என்றார் செல்லத்தாய்.

மறுநாள் பொழுது சாய்வதற்குள் குழுவின் நாற்பது பேரில் பத்தொன்பது பேர் விலகிவிட்டார்கள். சிவசங்கரன் விலகவும் இல்லை, பேசவும் இல்லை. வர்ஷினி பெயர் கொடுத்த இருநூற்று அறுபது பேருக்கும் போன் போட்டு இடம் மாறியதைச் சொன்னாள். எந்தத் தெரு, யார் வீடு என்று சிலர் தோண்டிக் கேட்டார்கள். பேச்சிமுத்து வீடு என்றே சொல், சுற்றி வளைக்காதே, வரமாட்டேன் என்கிறவனை விட்டுவிடு என்று செல்லத்தாய் சொல்லி வைத்திருந்தார். காளை பெஞ்சுகளோடு வந்தார். மொக்கையன், ஞாயிற்றுக்கிழமை அதுவுமாய்ப் பலாக்காய் தின்ன வேண்டியிருக்கிறதே என்று பந்தல்கால் ஊன்றி முடிக்கும் வரை புலம்பினார்.

ஞாயிறு பதினொன்றரைக்கு முதல் பந்திக்கு இலை விழுந்தது. எதிர்பார்த்ததில் ஐம்பது பேர் குறைவு. பிறகு பேர் கொடுக்காத ஐம்பது பேர் வாசனை பிடித்துக்கொண்டு வந்தார்கள். பேச்சிமுத்து வெளுத்த வேட்டியும் சட்டையுமாக, தன் கையாலேயே பரிமாற நின்றார். பேனர் பந்தல் முகப்பில், பிளாஸ்திரியோடு.

அப்போதுதான் சிவசங்கரன் வந்தார். கையில் மஞ்சள் பை. பந்தலுக்கு வெளியே, வெயிலிலேயே நின்றுவிட்டார். உள்ளே வருவதா திரும்புவதா என்று அவருக்கே தெரியவில்லை. பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பேச்சிமுத்து வாளியோடு அப்படியே நின்றார்.

செல்லத்தாய் பேச்சிமுத்துவின் கையிலிருந்து கரண்டியை வாங்கினார். அண்டாவில் விட்டு எடுத்தார். அன்று அந்த வாசலில் இருந்ததிலேயே கடுத்த முகம் எதுவோ, அதை நோக்கி நேரே நடந்து போய், "கைய நீட்டுங்க சார்" என்றார்.

சிவசங்கரன் கரண்டியைப் பார்த்தார். செல்லத்தாய்க்குப் பின்னால் நின்ற பேச்சிமுத்துவைப் பார்த்தார். கரண்டி நுனியில் ஒரு சொட்டுத் திரண்டு நின்றது. செல்லத்தாய் கரண்டியை இறக்கவில்லை. வழக்கம்போல அவருடைய கீழிமையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சிவசங்கரன் மஞ்சள் பையை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினார்.

செல்லத்தாய் கரண்டியைச் சாய்த்தார்.