பெரியக்கா ஒதுங்கி உட்கார்ந்தது

மாதவிலக்கான பெண்கள் மூன்று நாட்கள் தறியைத் தொடக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். உடலையும் கரையையும் தனித்தனி நூலில் கோத்து நெய்யும் கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். அப்பா உடலுக்கு, குறுக்கு நூலை ஓட்டும் நாடாவைப் போடுவார், பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா போடுவது பெரியக்கா. அவள் எழுந்தால் தறி நின்றுவிடும். எங்கள் தறி நின்றதே இல்லை.

சின்னக்கா வயதுக்கு வந்து மாதாமாதம் பின்கட்டில் ஒதுங்கத் தொடங்கிய பிறகும் பெரியக்கா தறியில்தான் இருந்தாள். கழுத்து குட்டையாக, தோளோடு அகலமாக இறங்கியிருக்கும். உயரத்தில் என்னைவிடக் கொஞ்சம்தான் கூடுதல்.

"இன்னாமா, உன் பெரிய பொண்ணு மாசம் பூரா தறியிலயே உக்காந்துக்கினு இருக்குது? உன் வூட்டுக்காரருக்கு நல்ல லாபம்தான்" என்றாள் எதிர்வீட்டு அத்தை, குழாயடியில். அம்மா பாதிக் குடத்தோடு திரும்பி வந்தாள்.

கஷாயங்கள் எல்லாம் குடித்தாகிவிட்டது. பிறகு அப்பா மதராஸ் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். துணைக்கு நானும் போனேன். ஒரு டாக்டரம்மா அக்காவின் கன்னத்தை உள்பக்கமாகக் குச்சியால் சுரண்டி, கண்ணாடித் துண்டில் தடவிக்கொண்டார். அடுத்த முறை போனபோது அக்காவை எதிரில் வைத்துக்கொண்டே சொன்னார். கருவிலேயே வந்த குறை, யார்மேலும் தப்பில்லை. மாத்திரை சாப்பிட்டால் விலக்கு வரும், நிறுத்தினால் வராது. குழந்தை மட்டும் தங்காது.

அப்பா "சரிங்கம்மா" என்றார். அம்மாவிடம் அவர் சொன்னது, "மாத்திரை துன்னா வந்துடுமாம்" என்பது மட்டும்தான்.

வந்தது. தறி நின்றது. தெருவே கூடி மஞ்சள் நீராட்டு நடந்தது. மாமா கொண்டுவந்த சீர்ச் சேலையை இடுப்பில் பாதி சுருட்டிச் செருகியும் அக்காவின் கால் தடுக்கியது. எதிர்வீட்டு அத்தைதான் ஆரத்தி எடுத்தாள். எல்லாரும் சிரித்தார்கள். அக்கா தூக்கம் வந்தவளைப்போல் உட்கார்ந்திருந்தாள்.

மறுவாரம் மாத்திரைப் புட்டியை அம்மா சாக்கடையில் கவிழ்த்தாள். "பொண்ணு பெரிய மனுஷி ஆயிட்டா. இன்னும் மருந்து துன்னுதுன்னா எவன் கட்டிக்குவான்?"

அப்பா குனிந்து அடுத்த நாடாவைப் போட்டார்.

அடுத்த மாதம் ஒரு காலையில், யாரும் கேட்காமலே, அக்கா தறியைவிட்டு எழுந்தாள். பாயை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். அம்மா முகம் தெளிந்துவிட்டது. சோற்றுத் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு நான் நின்றேன்.

"இன்னாடா பாக்கிற? கால நீட்டிக்கினு உக்காந்து எத்தினி நாளாச்சு" என்றாள் அக்கா.

அதற்கடுத்த மாதமும் எழுந்து போனாள். அவளுக்கு ஓய்வு கிடைத்ததே என்று எனக்குச் சந்தோஷம்தான். அவள் கடந்து போகும்போதெல்லாம் அப்பா ஏன் தலையை நிமிர்த்தவில்லை என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை.