ஐந்து புள்ளி அண்ணை

என் கணவரைக் கூடைப்பந்து அணியிலிருந்து விலக்கியவள் நான்தான். நாங்கள் குடியேறிய தகனினி என்ற ஊரில் எங்கள் தமிழ் ஆட்கள் வைத்திருக்கும் அணிக்கு நான் மேலாளர். எனக்கு வாய் நீளம், நாலு பேரோடு சண்டை பிடிப்பேன் என்று சொல்லி அந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

அமெரிக்க லீக்கில் ஓர் அணி சம்பளத்துக்குச் செலவழிக்க உச்சவரம்பு உண்டு. அதில் இடம் மிச்சம் இருந்தால்தான், ஒப்பந்தம் முடிந்து 'ஃப்ரீ ஏஜென்ட்' ஆக நிற்கும் நல்ல ஆட்டக்காரரைக் கூப்பிடலாம். எங்கள் ஆட்களுக்குச் சம்பளம் ஏது? தேத்தண்ணியும் ரோல்ஸும்தான். அதனால் போட்டிகளை நடத்தும் எங்கள் சங்கம் சம்பளத்துக்குப் பதிலாகப் புள்ளி வைத்தது. திறமையைப் பார்த்து ஆளுக்கு ஒன்று முதல் ஐந்து வரை. ஓர் அணியின் மொத்தம் இருபத்தைந்தைத் தாண்டக்கூடாது.

இவருக்கு ஐந்து. யாழ்ப்பாணத்தில் பள்ளி அணியின் தலைவராக இருந்தவர், இங்கு வந்த புதிதிலும் பந்தோடு பறந்தவர். இப்போது முழங்காலில் பட்டி கட்டாமல் கோர்ட்டில் இறங்கமாட்டார். இவர் திரும்பி ஓடி வருவதற்குள் எதிரணி பந்தைப் போட்டுவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும். ஆனால் ஒவ்வொரு வருடமும் சங்கத்துக் குழு, "அண்ணைக்குக் குறைக்கிறதோ? சீச்சீ, மரியாதை இல்லை" என்று அதே ஐந்தைப் போடும். ஒரே வீட்டில் இருக்கும் நானும் வாயைத் திறக்கவில்லை.

இந்த வருடம் மலேசியத் தமிழர் ஒருவர் நகரின் மறுகோடியில் உள்ள மாசி என்ற இடத்திலிருந்து எங்கள் பக்கம் வீடு மாறி வந்தார். நல்ல உயரம், நான்கு புள்ளி.

"உங்க டீம்ல இடம் இருக்கா அக்கா? பக்கத்து ஊரு புக்கெகோஹி டீம்லயும் என்னைக் கூப்பிடுறாங்க."

இடமா? எங்கள் இருபத்தைந்தும் நிரம்பிக் கிடந்தது. இரண்டு புள்ளிக்காரர் இருவரை விலக்கினால் சரிவரும். ஆனால் மூச்சு வாங்க ஓடுகிறவர்களே அவர்கள்தான். அவர்களை வெட்டிவிட்டு ஓடாத மனுசனை வைத்திருந்தால் ஊர் என்னைக் காறித் துப்பாதா?

மோட்டார்வேயில் கார்கள் நகராமல் நின்ற ஒரு மழைநாளில் சொன்னேன்.

"இஞ்சேருங்கோ, உங்களை விட்டால்தான் அந்த நெட்டையனை எடுக்கலாம்."

"என்னையோ?"

"உங்களைத்தான்."

வைப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எடும். நல்ல விளையாட்டுக்காரன்" என்றார். வீட்டுக்கு வந்ததும் பகிடி வேறு: "இனி நான் ஃப்ரீ ஏஜென்ட். பாரும், எத்தினை பேர் போன் எடுக்கப் போறாங்கள் எண்டு."

ஒருவரும் எடுக்கவில்லை. கோயிலில் கண்டவர்கள் எல்லாம், "அண்ணை, நீங்கள் எங்கட டீமுக்கு வந்தால் எவ்வளவு பெருமை!" என்றார்கள். ஐந்து புள்ளிக்கு இடம் ஒரு அணியிடமும் இல்லை. இடம் இருந்தாலும் அந்த முழங்காலுக்கு ஐந்தை யார் கொடுப்பார்கள்? இவர் சாப்பாட்டுக் கோப்பைக்குப் பக்கத்திலேயே போனை வைத்துக்கொண்டு சாப்பிட்டார். வாய் நிறைய அண்ணை, அண்ணை என்று சொல்லியே இந்த மனுசனை வீட்டில் இருத்திவிட்டார்களே!

"குழுவோட நான் போய்ச் சண்டை பிடிக்கிறன்" என்றேன்.

"நீர் பேசாமல் இரும். நான் வாறன்."

மேலாளர்கள் கூட்டத்துக்கு என்னோடு வந்தார். குழுவில் இருந்தவர்கள் எழுந்து கதிரை போட்டார்கள். இவர் உட்காரவில்லை.

"எனக்கு அஞ்சு வேண்டாம். ஒண்டு போடுங்கோ."

"ஐயோ அண்ணை, என்ன கதை கதைக்கிறியள்! நாங்கள் எப்பிடி உங்களுக்கு…"

"மரியாதை காணும், போதும் தம்பி. எனக்கு விளையாட வேணும்."

குழுத் தலைவர் குனிந்துகொண்டே ஐந்தை அடித்துவிட்டு ஒன்று என்று எழுதினார். தலைநிமிர்ந்தே பழகிய மனுசன், அந்தப் பேனா எழுதி முடியும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். ஐந்து போய், நெட்டையனின் நான்கு வந்த கணக்கு அவருக்குத் தெரியாதா என்ன?

"உம்மட டீமில ஒரு புள்ளி மிச்சம் கிடக்கெல்லோ?"

"ஓம்" என்றேன். சண்டைக்காரி என்று பெயர் எடுத்த நான், ஒரு சண்டையும் இல்லாமல் குழுத் தலைவரின் பேனாவை வாங்கினேன். எங்கள் அணிப் பட்டியலின் கடைசியில் இவர் பெயரை எழுதினேன்.