ரோசில்டாவின் பல்செட்

பத்தொன்பது வயதில் கல்யாணம் நிச்சயமானதும், ரோசில்டாவை அவள் அப்பா பல் டாக்டரிடம் கூட்டிப்போய், நல்ல பற்களையும் சேர்த்து எல்லாவற்றையும் பிடுங்க வைத்தார். பின்னாளில் மருமகனுக்குப் பல் செலவு வரக்கூடாதாம். அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் காட்டில் வாரம் அறுபது மணி நேரம் மரம் வெட்டியும், மகளின் ஒரு சொத்தைப் பல்லை அடைக்க வழியில்லாத மனிதர்.

பிறகு கனெக்டிகட்டில், பேரிங் ஆலையில் என் பக்கத்து மெஷினில் நின்றாள். எழுபத்து நாலாம் வருஷக் குளிர்காலத்தில் சங்கமாகச் சேர்ந்து பதினோரு வாரம் வேலைநிறுத்தம் செய்து, எங்கள் பிள்ளைகளின் பல் வைத்தியச் செலவைக் கம்பெனியை ஏற்க வைத்தோம்.

அவள் மகன் டெனிஸ் இன்று வேறோர் ஆலையில் மேனேஜர். போன ஞாயிறு அவள் வீட்டில் சாப்பிடும்போது, சோளக்கதிரை நறநறவென்று கடித்துக்கொண்டே சொன்னான்: "சங்கம்னாலே சோம்பேறிக் கூட்டம்மா. எனக்கு எவன் என்ன செஞ்சான்? எல்லாம் என் உழைப்பு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தன் கதிரைக் கத்தியால் சீவிக்கொண்டிருந்த ரோசில்டா, பல்செட்டைக் கழற்றி அவன் தட்டோரம் வைத்தாள்.

"இது எங்கப்பா எனக்குப் போட்ட சீரு. உன் வாயில இருக்கிறது நாங்க பனியில நின்னு வாங்கினது. அதை வச்சுக்கிட்டுத்தானடா எங்களைச் சோம்பேறிங்கிறே."