முந்திரிக்காட்டு ஓரத்தில் பதினைந்து அடி

காய்ந்த முந்திரி இலை ஒன்றைக் கசக்கித் தலைக்கு மேல் வீசிவிட்டு, தூள் எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்துக்கொண்டு நிற்கிறார் பார்வதி. பக்கத்தில் வீடு கட்டப்போகிறவர் காப்பியோடு நிற்கிறார். காற்றுப் பார்த்து முடிக்காமல் ஓவர்சியரம்மா டம்ளரைத் தொடமாட்டார். ஆறிப்போன காப்பியே அவருக்குப் பழகிவிட்டது.

முத்தாண்டிக்குப்பத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் அரசு வீடுகளுக்கு அளந்து கையெழுத்துப் போடுகிற வேலை. பிறந்து வளர்ந்ததெல்லாம் நெய்வேலி குவார்ட்டர்ஸ். அப்பா தெற்கேயிருந்து மைன்ஸ் வேலைக்கு வந்தவர். வெயிலில் ஸ்கூட்டர் ஓட்டி ஓட்டி முகம் கறுத்துவிட்டது. "ஹெல்மெட் மூடுற நெத்தி மட்டும்தாங்க ஒரிஜினல் கலர்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

சிரிப்பெல்லாம் வீட்டுச் சுவரோரம் அடுப்புக்காகக் கொட்டிவைத்த லிக்னைட் நிலக்கரிக் குவியலைப் பார்க்கும் வரைதான். அந்தக் கரி வெயிலில் மூடிக் கிடந்தால் உள்ளே புழுங்கித் தானாகவே பற்றிக்கொள்ளும். மைன்ஸில் அதற்குத் தண்ணீர் அடிக்கிற ஆளே தன் வீட்டில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருப்பார்; இந்த ஊர்க்காரர்களால் மட்டுமே முடிகிற காரியம் இது. "ஷிப்ட்ல தண்ணி அடிச்சு ஆற வைக்கிறீங்க, வீட்ல போர்வை போத்தி வளக்குறீங்களா?" என்று கேட்டுக்கொண்டே தார்ப்பாயைப் பார்வதியே உருவி எறிந்துவிடுவார்.

முன்பெல்லாம் இத்தனை கண்டிப்பு இல்லை. இப்போது மாசியிலேயே சித்திரை வெயில் அடிக்கிறது. மழையும் நினைத்தபோது வருகிறது. போன கோடையில் முந்திரிக்காட்டுச் சருகில் பிடித்த தீ, காற்றோடு வந்து ராஜாம்பாளின் கூரை வீட்டைச் சாம்பலாக்கியது. அந்தச் சாம்பலைப் பார்த்துவிட்டு வந்துதான் பார்வதி விதி எழுதினார்: காட்டுக்கும் சுவருக்கும் நடுவே பதினைந்து அடி வெறும் தரை, காட்டுப் பக்கம் அடுப்படி கூடாது, மாடி வீட்டோடு கீற்றுச் சாய்ப்பு கூடாது. பேசிப் பேசியே கிராம சபையில் நிறைவேற்றவும் வைத்தார்.

ராஜாம்பாளுக்கு அரசு வீடு கிடைத்தது. அளக்கப் போனால், இருப்பதோ ஒடுங்கிய மனை. பதினைந்து அடி விட்டால் வீட்டுக்கு இடமில்லை. இந்த மாதத்துக்குள் கடைக்கால் போடாவிட்டால் வீடு வேறொருவருக்குப் போய்விடும்.

"என் வூடு எரிஞ்சதுக்குப் போட்ட சட்டம் என் தலையிலயே வுழணுமா? எல்லாம் உங்க கையெழுத்துலதான இருக்கு, எனக்கு மட்டும் வுட்டுக்குடுங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார் ராஜாம்பாள்.

பார்வதிக்குக் கண் கலங்கிவிட்டது. "யாருக்கு விட்டாலும் உங்களுக்கு விட மாட்டேன்க்கா. மறுபடியும் நீங்க கட்டின சேலையோட ரோட்ல நிக்கிறதப் பாக்க என்னால ஆகாது."

கையை விடுவித்துக்கொண்டு நேரே போனது காட்டுக்குச் சொந்தக்காரரான சடையப்பனிடம். ஓரத்து வரிசை மரங்களை எடுத்தால் இடைவெளி கிடைத்துவிடும். அவர் கோபத்தில் துள்ளிக் குதித்தார்.

"பூத்துகினு நிக்கிற மரத்த வெட்டச் சொல்றியேம்மா! சட்டம் வூடு கட்றவங்களுக்குத்தான? என்னை ஏன் இழுக்கற?"

"கொட்டை எடுத்துட்டு வெட்டுங்கண்ணே. சுவர் எழும்ப நாள் இருக்கு. அந்த வீட்டு அடுப்புலேர்ந்து ஒரு பொறி பறந்தா அப்புறம் வரிசை இல்ல, காடே போயிடும்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார். பார்வதியும் விடவில்லை. அந்த வாரம் முழுக்கப் போகும்போதும் வரும்போதும் அவர் வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தினார். எதுவும் கேட்பதில்லை, மோர் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். திட்டுகிறவர்களைச் சமாளித்துவிடலாம், இப்படிப்பட்டவரை என்ன செய்வது என்று சடையப்பன் தன் வீட்டில் புலம்பினாராம்.

கடைசியில் முளையடிக்கிற நாள் வந்தது. வீட்டின் பின்சுவர் வரவேண்டிய இடத்தில் அளவு டேப்போடு உட்கார்ந்திருந்தார் பார்வதி. ராஜாம்பாள் தள்ளி நின்றார், இன்றோடு எல்லாம் போயிற்று என்ற முகத்தோடு. சடையப்பன் வந்தார். யாரையும் பார்க்காமல் குனிந்து டேப்பின் நுனியை எடுத்துக்கொண்டு தன் காட்டுக்குள் நடந்தார். பூத்திருந்த முதல் மரத்தைத் தொட்டதும் நின்றுவிட்டார். டேப்பில் பதினைந்து இன்னும் வரவில்லை.

ராஜாம்பாள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பார்வதி புறங்கையால் தன் கண்ணைத் துடைத்தார். பிறகு டேப்பை இரண்டு தரம் மெல்லச் சுண்டினார்: இன்னும் கொஞ்சம் உள்ளே.